கயிற்றுக்கு முன்னால் நின்ற வண்டி

கன்னியப்பன் இறந்த செய்தி காலை ஏழரை மணிக்கு வந்தது. மறைமலைநகரில் என் மகன் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கன்னியப்பன் மகள் செல்விதான் போனில் பேசினாள். "மாமா, அப்பா போய்ட்டாரு" என்றாள். "எங்க போய்ட்டான்?" என்று கேட்டுவிட்டேன். எழுபத்தைந்தைத் தாண்டியவன் கேட்கிற கேள்வியா அது? அந்தப் பெண் அழுதது.

செங்கல்பட்டு டிப்போவில் எங்களோடு வேலை பார்த்த நண்பர்கள், ஓய்வு பெற்றவர்களுக்கான மலரில் அவனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவன் ஓட்டிய பஸ்ஸில் பதினாறு வருடம் கண்டக்டராக நின்றவன் நான். அவனுடைய நிதானத்தையும் நல்ல குணத்தையும் மற்றவர்கள் எழுதட்டும். நான் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உங்களில் பலர் அரைகுறையாகக் கேட்டுச் சிரித்த கதைதான். முழுக் கதையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வருடம் எழுபத்து நாலோ எழுபத்தைந்தோ, சரியாக நினைவில்லை. மாமல்லபுரம் ரூட்டில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டினால் ஒரு ரைஸ் மில் இருந்தது. அதன் உமிக்கொட்டகையில் யுத்தகாலத்து மிலிட்டரி மோட்டார் சைக்கிள் ஒன்று, பக்கத்தில் ஆள் உட்காரும் சைடு காரோடு, கழுத்தளவு உமியில் புதைந்து கிடந்தது. கன்னியப்பன் அதைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மில் முதலாளியிடம் போய் நின்றான். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "ரிப்பேர் பண்ணி ஓட்டிக் காட்டுய்யா பாக்கலாம். காணும் பொங்கலுக்கு மெட்ராஸ் பசங்க கடற்கரையில பழைய வண்டிங்கள வெச்சு ரேஸ் வுடுறாங்களாமே, அதுல ஜெயிச்சா வண்டி உன்னுது. தோத்தா எடுத்த எடத்துலயே வுட்டுடணும்" என்றார். இவன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தான்.

ஐந்து மாதம் அந்த இரும்போடு மல்லுக்கட்டினோம். பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பத்து நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மரக்கட்டையை வைத்து மெல்ல மெல்லத் தட்டினான். நான் சுத்தியலை ஓங்கினால் கையைப் பிடித்துக்கொள்வான். "இன்னா மச்சான் அவசரம்? அது தூங்கிக்கினு கீது. அடிச்சு எழுப்புனா மொறச்சுக்கும்" என்பான். தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை மெட்ராஸ் புதுப்பேட்டையில் கொடுத்துக் கம்பி சுற்றி வாங்கினோம். இன்ஜின் மூடிக்கு கேஸ்கட் கிடைக்கவில்லை. என் டிக்கெட் கட்டுகளின் அடியில் இருக்கும் தடித்த அட்டைகளை நறுக்கி, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டோம். அட்டை எங்கே என்று செக்கிங் இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, எலி தின்றுவிட்டது என்று கூசாமல் சொன்னேன். சைடு காரின் அடித்தகடு மக்கிப் போயிருந்தது. கன்னியப்பனின் சித்தப்பா பழைய கட்டுமரத்திலிருந்து ஒரு பலகை எடுத்து இழைத்துக் கொடுத்தார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம்தான் அவர்களுக்கு ஊர். கடலுக்குப் போகாமல் டிரைவர் உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் இவன்தான்.

முதல்முறை இன்ஜின் பிடித்துக்கொண்ட சாயங்காலம் அவன் அழுதான். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றான். எனக்கும் பட்டது.

வார ஓய்வு நாளெல்லாம் ஈரமணலில் ஓட்டிப் பழகினோம். திருப்பத்தில் சைடு கார் தூக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் வெளியே தொங்கி அதை அமுக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. அவன் திரும்பிப் பார்த்துச் சொல்லமாட்டான், முதுகை லேசாக அசைப்பான், நான் தொங்குவேன். என் கல்யாண வாழ்க்கையில்கூட அப்படி ஒரு ஒத்துப்போதல் இருந்ததில்லை. இதை என் மனைவி படித்தாலும் பரவாயில்லை, அவளுக்கும் தெரிந்ததுதான்.

பந்தய நாளன்று கன்னியப்பனின் குப்பத்துக் கடற்கரையில் ஐந்து பழைய வண்டிகள் நின்றன. தூரத்தில் நட்டிருந்த தார் டிரம்மைச் சுற்றி வரவேண்டும், மூன்று சுற்று. மற்ற நாலும் இரண்டு சக்கர வண்டிகள், மணலில் தடுமாறின. நாங்கள் மூன்று சக்கரத்தில் அலுங்காமல் போனோம். கடைசிச் சுற்றில் டிரம்மைத் திரும்பியபோது எங்களுக்கும் அடுத்தவனுக்கும் நல்ல இடைவெளி இருந்தது. காணும் பொங்கல் கூட்டம் கரும்பை ஆட்டிக்கொண்டு கத்துகிறது. வண்டி நமக்குத்தான் என்று நான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

அப்போதுதான் குறுக்கே, கரையில் நின்று இழுக்கிற கரைவலையின் கயிறு வந்தது. விடிகாலையில் போட்ட வலை. பந்தயம் முடியட்டும் என்று குப்பத்தார் காத்திருந்திருக்கிறார்கள். மெட்ராஸ்காரர்கள் இரண்டு மணி நேரம் தாமதித்துவிட்டதால், அதற்கு மேல் தாங்காமல் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். இழுப்பவர்கள் எல்லாம் அவன் சொந்தக்காரர்கள். எங்களைப் பார்த்ததும் கயிற்றைத் தளர்த்தி மணலில் போட்டார்கள். "ஏத்திக்கினு போடா கன்னி! நிக்காத!" என்று அவன் சித்தப்பாவே கத்தினார்.

இவன் நின்றுவிட்டான்.

கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டான். நான் முன்னால் போய் மோதிக்கொண்டேன். "டேய், போடா!" என்று அலறினேன். அவன் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். "கயிறு தொய்ஞ்சா வலை வாயைத் தொறந்துக்கும், இசுங்க! எல்லாம் இசுங்க!" என்று இழுக்கச் சொல்லி அவர்களை அதட்டினான். கடலில் வலை இருக்கும்போது அந்தக் கயிற்றைச் செருப்புக் காலோடு தாண்டுவதுகூட அவர்கள் குப்பத்தில் வழக்கமில்லை. கரையில் நிற்கிறவன் எவனாக இருந்தாலும் ஒரு கை கொடுப்பான். வழக்கத்துக்கு உரியவர்களே அன்றைக்கு மட்டும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தார்கள். இவனால் முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் கயிற்றை விட்டு ஒதுங்கி, சவுக்குத் தோப்புப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் ஜெயித்தார்கள்.

வலையில் வந்தது காரப்பொடி என்கிற சின்ன மீன், இரண்டு கூடை. அவன் பங்காகக் கிடைத்ததைத் துண்டில் முடிந்து என்னிடம் நீட்டினான். "வூட்டுக்கு எடுத்துக்கினு போ மச்சான்" என்றான். நான் எந்த வார்த்தையெல்லாம் சொன்னேன் என்பதை இந்த மலரில் அச்சிட முடியாது. அன்று மாலையே அவன் வண்டியில் ஒட்டியிருந்த மணலைக் கழுவி, தார்பாயால் மூடி, மில் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்தான். முதலாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பின் நான் அவனோடு பேசவில்லை. ஒரே பஸ்ஸில் விசில் மட்டும்தான். நிற்க ஒன்று, போக இரண்டு, அவ்வளவுதான். நாலாம் நாள் மில் முதலாளி பஸ் நிறுத்தத்தில் என்னைக் கூப்பிட்டார். "இன்னாய்யா உன் டிரைவரு, மூஞ்சியக் காட்டாமலே வுட்டுட்டுப் போய்ட்டான்? வந்து ஒரு வார்த்த கேட்டா எடுத்துக்கினு போடான்னு சொல்லிடுவேன். உமியில கெடந்த இரும்புக்கு உயிரு குடுத்தவன்யா அவன். வரச் சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. அவன் முதலில் வந்து பேசட்டும் என்று இருந்தேன். ஐந்து மாத உழைப்பை ஒரு கயிற்றுக்காகத் தொலைத்தவன், என்னிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டால் குறைந்தா போய்விடுவான்? கேட்டதும் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

பதினைந்தாம் நாள் மில் வாசலில் ஒரு ஆந்திரா லாரி நின்றது. முதலாளி விற்றுவிட்ட எங்கள் வண்டியை ஏற்றி நிறுத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் விசில் அடிக்காமலே கன்னியப்பன் பஸ்ஸை நிறுத்தினான். ஜன்னலில் தலையை நீட்டி, "டேய், ஆண்டில்பாருல கயித்தக் கட்டாதீங்கடா, வளைஞ்சுடும்!" என்று சத்தம் போட்டான். லாரிக்காரன் அவிழ்த்து மாற்றிக் கட்டும்வரை காத்திருந்தான். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தான். "போச்சு மச்சான்" என்றான். அவன்தான் முதலில் பேசினான். நான் ஆசைப்பட்டபடியே நடந்துவிட்டது. அதற்குமேல் அந்தச் செய்தியை நான் எந்த வாயால் சொல்வது?

அந்த ரூட்டில் இன்னும் எத்தனையோ வருடம் ஓடினோம். ஒவ்வொரு தடவையும் மில் வரும்போது அவன் கழுத்து தானாகத் திரும்பும். நான் டிக்கெட்டுகளை எண்ணுவதுபோல் குனிந்துகொள்வேன். அவனுக்கு வேறு வண்டி வாங்க வசதி வந்தது, வாங்கவில்லை. மணலில் அது போகிற சத்தத்தை மட்டும் வாயால் செய்து காட்டுவான், டிப்போவில் எல்லோரும் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சத்தத்தை ஒரே ஒரு முறை கேட்க நான் எதையும் கொடுப்பேன்.

போன மாதம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தான். செல்வி கஞ்சி ஊற்றிவிட்டு உள்ளே போனதும் கேட்டான்: "ஏன் மச்சான், அன்னிக்கி நான் போய் ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்த மனுசன் குடுத்திருப்பாரா?"

ஐம்பது வருடம் கழித்து அவனே கதவைத் திறந்து வைக்கிறான். சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் கண்ணைப் பார்த்தேன்.

"அந்த ஆளா? சான்ஸே இல்ல. தொரத்தி வுட்டிருப்பான்" என்றேன்.

"அதான். நானும் அப்டிதான் நெனச்சுக்கினேன்" என்றான். முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

அவனுக்காகச் சொன்ன பொய்யா, எனக்காகச் சொன்ன பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சாவுக்குப் போயிருந்தபோது, அப்பா ஞாபகமாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று செல்வி சொன்னாள். வேண்டாம் அம்மா என்று வந்துவிட்டேன். அவனிடம் சேர்க்காத அவனுடையது ஒன்று ஏற்கெனவே என்னிடம்தான் இருக்கிறது.

கொடுத்திருப்பார், கன்னியப்பா. கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்.