மஞ்சள் முந்தானை

கடவுள் எனக்குக் கொடுத்தது இரண்டு கை. நாற்பத்தைந்து நாள் குழந்தையைத் தூக்கவே இரண்டும் சரியாகப் போய்விடும். தலை நிற்காத பிள்ளை. ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை அடியில். அப்படியானால் மூன்று வயதுகூட நிறையாத பெரியவளை எந்தக் கையால் பிடிப்பது? யாராவது வழி சொன்னால் காலில் விழவும் தயாராக இருந்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் இல்லை என்பதுதான் உண்மை.

வண்டி ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிறவர், தன் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று கொடுத்த தள்ளுவண்டி. ஒரே ஒரு நாள் தள்ளிப் பார்த்தேன். எங்கள் தெரு முனையில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். அதைத் தாண்டினால் கொட்டி வைத்த ஜல்லி. அதையும் தாண்டினால் திருவண்ணாமலை ரோடு. நடக்கிறவர்களுக்கு அதில் ஓரம் என்று ஒன்று கிடையாது. லாரிக்காரன் அடித்த ஹாரனில் குழந்தை வீறிட்டது, வண்டியின் முன்சக்கரம் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் அந்த வண்டியில் சொகுசாகப் படுத்திருந்தன.

நாங்களாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு பிள்ளை பிறந்தால் மனசு இளகிவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பெரியவள் பிறந்தாள், யாருக்கும் இளகவில்லை. சின்னவள் பிறந்தபோதும் எட்டிப் பார்க்க ஆளில்லை. அவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயந்திரம் பஸ் ஏறிவிடுவார். பிரசவத்துக்கு எடுத்த லீவும் பதினைந்தாம் நாளோடு முடிந்தது. அப்புறம் வாரம் முழுக்க வீட்டில் பேச வாய் உள்ளவர்கள் நானும் பெரியவளும் மட்டும்தான். சமையலறை ஜன்னலில் கோட்டை மலை தெரியும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்தப் பாறைகளிடம் சண்டை போட்டிருக்கிறேன். "நீங்களாவது ஒரு எடத்துல சும்மா உக்காந்திருக்கீங்க, எனக்கு அதுக்கும் குடுத்து வெக்கல" என்று சத்தமாகவே சொல்வேன். தனியாக இருந்தேன் என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பால், மருந்து, ரேஷன் எல்லாவற்றுக்கும் நடந்துதானே ஆகவேண்டும்? அதனால் பெரியவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். என் முந்தானையின் நுனியை அவள் கையில் சுற்றிக் கொடுப்பேன். அடுப்படியிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து குளியலறை வரை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடக்க, அவள் பின்னால் வருவாள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். "கெட்டியா?" என்று கேட்பேன். "கெட்டி!" என்று கத்துவாள். பதில் வந்தால் நடப்பேன், வராவிட்டால் நின்றுவிடுவேன். ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். தெருவில் போனால் எனக்கு முன்னால் அவளே "கெட்டிம்மா, கெட்டி" என்று சொல்லிக்கொண்டு வருவாள். மளிகைக் கடைக்காரர் சிரிப்பார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சின்னவளுக்கு நாற்பத்தைந்தாம் நாள் ஊசி புதன்கிழமை வந்தது. அந்தப் புதன்கிழமை பார்த்து அமாவாசையும் வந்தது. எங்கள் பக்கத்தில் அமாவாசை என்றால் செஞ்சியே செஞ்சியாக இருக்காது. எந்த ஊரிலிருந்து வந்தாலும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு இங்கே இறங்கித்தான் பஸ் மாறுவார்கள். காலையிலிருந்தே கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். பச்சைப் பிள்ளையை அன்றைக்கு யாரும் வாசல் தாண்டித் தூக்கிப் போகமாட்டார்கள். நான் கிளம்புவதைப் பார்த்து, மாடியில் குடியிருந்த ஹவுஸ் ஓனர் அக்கா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்.

"அமாவாசையும் அதுவுமா பச்சப்புள்ளயத் தூக்கிக்கினு எங்க கெளம்பிட்ட? அடுத்த வாரம் போட்டா ஊசி இன்னா ஓடியா பூடும்?"

"அடுத்த வாரம் நீங்க கூட வரீங்களாக்கா?"

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. எனக்கு நாக்கில் சனி. நல்லதுக்குச் சொன்னவரிடம்கூட நன்றாகப் பேசத் தெரியாது. வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, தெரு முனைக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தாழ்ந்திருந்த வேப்பங்கிளையிலிருந்து பெரியவளை ஒரு கொத்து ஒடிக்கச் சொல்லி, குழந்தையைச் சுற்றியிருந்த துணிக்குள் செருகிக்கொண்டேன்.

ஆட்டோ கிடைக்கவில்லை. நின்ற ஒரே ஆட்டோக்காரரும் "இன்னிக்கு லோக்கல் கெடையாதும்மா, எல்லாம் மலையனூர்தான்" என்று போய்விட்டார். சரி, நட. ஒரு மைலுக்கு மேல் இருக்கும். தையல் போட்ட இடம் இன்னும் முழுசாக ஆறவில்லை. "கெட்டியா?" "கெட்டி." லாரி. "கெட்டியா?" "கெட்டி." பஸ். இப்படியே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

ஊசி போடும் அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மற்ற புதன்கிழமைகளில் உட்கார இடம் கிடைக்காத பெஞ்சு காலியாகக் கிடந்தது. நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, அமாவாசைக்கு வந்துருக்க? ஈ காக்கா இல்ல பாரு இன்னிக்கு. கூட யாரும் வரலியா?"

"வெளிய நிக்கறாங்க" என்றேன்.

இந்தப் பொய்யை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். பழகிவிட்டது. ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்னேன், பிரசவத்துக்குச் சேர்ந்த அன்றைக்கு, வீட்டுக்காரர் வந்து சேரும்வரை நாலு தடவை சொன்னேன். நர்சம்மா வாசலை ஒரு பார்வை பார்த்தார். தொடையில் ஊசி ஏறியதும் சின்னவள் மூச்சை அடக்கி, முகம் சிவந்து, அப்புறம் வீட்டைத் தூக்குகிற மாதிரி அழுதாள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பெரியவள் என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"வெளிய யாரும்மா நிக்கறாங்க?"

"யாரும் இல்ல. சும்மா இரு."

அவள் ஒன்றும் புரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் வரவேண்டும். உச்சி வெயில். போகும்போது பாதி இருந்த கூட்டம் இப்போது ரோடு வரைக்கும் வழிந்திருந்தது. ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. பெண்கள் பாதிப்பேருக்கு மேல் மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை. அப்போதுதான் நான் என்னையே குனிந்து பார்த்தேன். நானும் மஞ்சள் சேலைதான். வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. துவைத்துக் காய்ந்திருந்தது அது ஒன்றுதான். துணிக்குள் செருகிய வேப்பிலையையும் பார்த்துவிட்டு ஒரு கண்டக்டர் "மலையனூர்தானம்மா? ஏறு ஏறு, கைப்புள்ளக்காரிக்கு எடம் உடுங்க" என்றார். இல்லை என்று தலையாட்டிக்கொண்டே நடந்தேன்.

சின்னவளுக்கு ஊசி வலி ஏற ஆரம்பித்துவிட்டது. வெயில் நேராக முகத்தில் அடித்தது, பஸ் விட்ட புகை வேறு. அவள் அழுத அழுகையில் எனக்கு மூளையே வேலை செய்யவில்லை. சட்டென்று முந்தானையை முன்னால் இழுத்து அவள் தலையை மூடினேன். தட்டிக் கொடுத்துக்கொண்டே இருபது முப்பது அடி நடந்திருப்பேன்.

"கெட்டியா?"

பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யார் யாரோ இருந்தார்கள். என் பிள்ளை இல்லை.

"பாப்பா!" என்று கத்தினேன். அந்தக் கூட்டத்தில் பத்து பாப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓட முயன்றேன், தையல் சுரீர் என்று இழுத்தது, குழந்தையின் தலை குலுங்கியது. ஒருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தியைத் தேட முடியாது என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. இவளை எங்கே வைப்பேன்? கீழே வைக்க இவள் என்ன காய்கறிப் பையா? எனக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு முகம் இல்லை. ரோட்டோரத்தில் குடையின் கீழ் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பூக்காரம்மா, நாரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"குட்த்துட்டு ஓடும்மா. நான் எங்கயும் போவல. எத்தினி வயசு, இன்னா டிரஸ்?"

"மூணு. செவப்பு கவுனு" என்றேன். கொடுத்தேன். கொடுத்துவிட்டேன்! சொந்த மாமியார் கையில் கொடுக்காத பிள்ளையை, பெயர் தெரியாத ஒருத்தர் மடியில் போட்டுவிட்டு ஓடினேன். "செவப்பு கவுனு, மூணு வயசு, பாத்தீங்களா" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். பின்னால் பூக்காரம்மாவும் அதையே கத்துவது கேட்டது.

மூன்றாவது பஸ்ஸின் படியில் ஒரே தள்ளுமுள்ளு. தலையில் கூடையோடு ஒரு பெரிய அம்மா ஏறப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சேலை. பின்னால் திரும்பாமலே "இருடி, இழுக்காத, ஏறிக்கலாம்" என்று யாரையோ அதட்டினார். நான் அவர் காலடியைப் பார்த்தேன். அந்த மஞ்சள் முந்தானையின் நுனியை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கூட்டம் இடிக்கக் கூடாதென்று முகத்தை அந்தத் துணியிலேயே புதைத்துக்கொண்டு, என் மகள் நின்றிருந்தாள். விசில் ஊதப் போகிற நேரம்.

பாய்ந்து இழுத்தேன். அவள் அந்தச் சேலையை விடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தாள், அதற்கு மேலே தெரியாத அந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். கூடைக்கார அம்மா "அய்யய்யோ, எம் பேத்தின்னுல்ல நெனச்சேன்! தாயே, காப்பாத்துன" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன்.

"ஏண்டி உட்ட? உடாதன்னு சொன்னன் இல்ல?"

"நா உடல" என்றாள், விக்கிக்கொண்டே. "நீதான் புடுங்கிக்கின."

நான் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள். கையிலிருந்த மஞ்சள் போனதும் பக்கத்திலிருந்த மஞ்சளைப் பிடித்து, கெட்டி கெட்டி என்று போயிருந்தாள். அவள் "கெட்டி" சொன்னது அந்தக் கூட்டத்தில் யார் காதில் விழுந்ததோ.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். குடையைக் காணவில்லை. பாதகத்தி, கொடுத்துவிட்டேனே என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு புகுந்தேன். நாலு பேர் விலகியபோது குடை தெரிந்தது. பூக்காரம்மா மடியில் சின்னவள், ஈரத்துணி போட்ட மல்லிகைக் கூடைக்குப் பக்கத்தில், அழுது ஓய்ந்து வேப்பிலைக் கொத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிட்டாளா? கூட யாரும் வரலியாம்மா?"

வெளிய நிக்கறாங்க என்று நாக்கு நுனிவரை வந்தது.

"யாரும் இல்லக்கா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நடு ரோட்டில், நாலு பேர் பார்க்க, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதேன். அவர் "ஒக்காரு. புள்ளைக்கிப் பால் குட்த்துட்டுப் போ, நான் மறைக்கறேன்" என்று குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்ட ஆரம்பித்தார்.

சாயந்திரம் வீட்டுக்காரர் போன் செய்தார். ஊசி போட்டாச்சா, எப்படிப் போனீங்க என்று கேட்டார். நடந்துதான் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஆனால் பூக்காரம்மாவிடமிருந்து வீடு வரை நடந்த அந்த ஒரு மைல் எனக்கு மறக்காது. முந்தானையை மறுபடியும் அவள் கையில் சுற்றிவிட்டேன். குழந்தையின் தலைக்குப் பூக்காரம்மா கொடுத்த துண்டு இருந்தது. "கெட்டியா?" என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. பத்தடி போனதும் முந்தானை இழுபட்டது. திரும்பினேன். அவள் நின்று, கழுத்தை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மாவா?"

"அம்மாதான்" என்றேன்.

இன்னும் பத்தடி. மறுபடி இழுத்தாள். "அம்மாவா?" ஜல்லி கொட்டிய இடத்தில் கேட்டாள், பள்ளத்தில் கேட்டாள், வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நின்று, அவளுக்குத் தெரிகிற மாதிரி குனிந்து, முகத்தைக் காட்டினேன்.