எலி செத்த வாடை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் மோப்பக்காரி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் சட்டை செய்வதில்லை. கட்டிடங்களின் வயரிங்கைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. மற்ற இன்ஸ்பெக்டர்கள் மூன்று விளக்கு வைத்த டெஸ்டரைப் பிளக்கில் சொருகுவார்கள், விளக்கு சரியாக எரிந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவள் சுவிட்ச் போர்டு ஒவ்வொன்றுக்கும் மூக்கைக் கொண்டுபோவாள். புறங்கையைச் சுவரில் வைத்துச் சூடு பார்ப்பாள். அப்புறம் அறைக்கு ஒரு பிளக், அதுவும் பீரோவுக்குப் பின்னால் இருக்கிற பிளக்காகப் பார்த்து, மூடியைக் கழற்றச் சொல்வாள்.

"அதான் எல்லா லைட்டும் நல்லா எரியுதேம்மா" என்பார்கள்.

"எரியறதைப் பாக்க நான் எதுக்கு? அதுக்கு வீட்டுக்காரங்களே போதுமே" என்பாள்.

அவள் பார்க்காத கூத்து இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். வீடே எரிந்தாலும் அந்த ஃபியூஸ் போகாது. வயர்கள் சேருகிற பெட்டியின் மேல் பூச்சுப் பூசி, பெயின்ட் அடித்து, கல்யாணப் படத்தை மாட்டியிருப்பார்கள். ஒரு வீட்டில் மழை பெய்தால் சுவர் கையைக் கிள்ளும். செத்துப்போன மாமனார் கோபமாக இருக்கிறார் என்று அந்த வீட்டு மருமகள் பயந்துகொண்டிருந்தாள். பார்த்தால், கடிகாரம் மாட்ட அடித்த ஆணி உள்ளே ஓடிய வயரைத் துளைத்திருந்தது. பாவம் மாமனார், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இப்படி ஆளைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டினால் காண்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா."

"கரன்ட் அனுசரிக்கட்டும் சார், நானும் அனுசரிக்கிறேன்."

அன்றோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இவ்வளவு வாய் உள்ளவளுக்கு வாய்த்த கணவன் எலக்ட்ரீசியன். சுத்தமான கை என்று பேர் எடுத்தவன். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது: அவன் செய்த வேலையைச் சோதிக்க அவள் போகமாட்டாள், வேறு ஆள்தான் போக வேண்டும். அந்த ஏற்பாட்டில் குடும்பம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, நாத்தனார் குழந்தைகள் காப்பகம் ஆரம்பிக்கிற வரைக்கும்.

கணவனின் ஒரே தங்கை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் இடுப்பிலேயே வைத்துத் திரிந்தவள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போக ஒரு இடம் வேண்டும் என்பது அவள் பலநாள் ஆசை. வீட்டின் கீழ்த்தளத்தை அதற்கென்று ஒதுக்கினாள். தங்கைக்கு அண்ணன் சீர் செய்வதுபோல மொத்த வயரிங்கையும் அவனே செய்துகொடுத்தான். மேலே ஜிப்சம் பலகை அடித்துச் சீலிங் போட்டு, அதில் நீல வானமும் நடுவில் பெரிய நிலாவும் வரைந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, விளக்கு எரிவதைப் பார்த்து, சான்றும் கொடுத்துவிட்டார். மறுநாள் குழந்தைகள் வர வேண்டும்.

"வயரிங் பாக்க இல்ல அண்ணி, சும்மா வந்து நிலாவைப் பாருங்க" என்று நாத்தனார் கூப்பிட்டாள்.

அவளும் சும்மாதான் போனாள். வாசற்படியில் கால் வைத்ததும் மூக்கு விடைத்தது.

"என்ன வாடை இது?"

"அதை ஏன் கேக்குறீங்க" என்று நாத்தனார் தலையில் கை வைத்தாள். "சீலிங்குக்கு மேல எலி செத்துக் கிடக்கு. மூலைக்கு மூலை வாசனை மருந்து தொங்க விட்டிருக்கேன். போகமாட்டேங்குது."

"எந்நேரமும் அடிக்குதா?"

"இல்ல, இப்ப மாதிரி வாஷிங் மெஷின் ஓடும்போதுதான் தாங்கல. ஈரத்துல எலி ஊறுது போல."

"செத்த எலிக்கு மெஷின் ஓடறது தெரியுமா?"

நாத்தனார் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. கெட்டுப்போன மீன் போன்ற அந்த வாடையை அவளுக்குத் தெரியும். சூடேறிப் பொசுங்கும் வயர் உறைக்கு அப்படி ஒரு நாற்றம் உண்டு. ஸ்டூலைப் போட்டு ஏறி, நிலாவின் மேல் புறங்கையை வைத்தாள். நிலா சுட்டது.

இறங்கினாள். மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். மெஷினை நகர்த்தி, அதன் பின்னால் இருந்த பிளக்கின் மூடியைக் கழற்றினாள். மெஷினில் கசியும் கரன்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் வயரே அங்கு இல்லை. எர்த் முனைக்கும், கரன்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் முனைக்கும் நடுவே துண்டு வயர் ஒன்றைக் கோத்துவிட்டிருந்தார்கள். அப்படிக் கோத்தால் டெஸ்டர் ஏமாந்துவிடும், எல்லாம் சரி என்று விளக்குக் காட்டும். அந்தத் துண்டு வயரின் நுனி இரண்டு சுற்றுச் சுற்றி மடக்கியிருந்தது. யார் வேலை என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசை விளக்கிலும் அதே இரண்டு சுற்று.

கோபத்தைவிட வெட்கமாக இருந்தது. ஊரிலுள்ள பிளக்கையெல்லாம் கழற்றிப் பார்த்தவள், தன் வீட்டு ஆளை நம்பி எத்தனை வீட்டை விட்டுவிட்டாள். ஃபியூஸ் கட்டையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"உங்கண்ணனை வரச் சொல்லு."

வந்தவன் கழற்றிய மூடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

"பைப்புல எர்த் வயர் நுழையல" என்றான். "சுவரை உடைச்சா பெயின்டெல்லாம் போயிடும். எல்லாரும் செய்யறதுதானே."

"எல்லாரும் செய்யறாங்கன்னுதான் எனக்கு வேலை இருக்கு. மேல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"வயர் எட்டல. ஒரு ஜாயின்ட் போட்டேன்."

"பெட்டி வச்சா?"

"டேப் சுத்தியிருக்கேன்."

"எது, நியூட்ரலா?"

அதை விட்டுவிட்டு அவன் குரலை உயர்த்தினான்.

"சான்று கொடுத்தாச்சு. நாளைக்குத் திறக்கணும். நம்ம கட்டுப்பாட்டை மறந்துட்டியா? ஃபியூஸைக் குடு."

"மாட்டேன்."

"என் பேரைக் கெடுக்கணும்னே வந்தியா?"

"ஆமா. பிள்ளைங்க பொழைக்கட்டும், உங்க பேரு கெடட்டும்."

நாத்தனாருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "அண்ணி, நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். இப்பப் போய் உடைக்கணும்னு சொல்லிடாதீங்க. அண்ணா எனக்குக் கெடுதல் பண்ணுவாரா?"

"பண்ணமாட்டார். ஆனா பண்ணி வச்சிருக்கார். மேல இருக்கிற ஜாயின்ட் பொசுங்கிட்டு இருக்கு, அதான் உன் எலி. அது விட்டுப்போச்சுன்னா, இந்தத் துண்டு வயர் வழியா மெஷினோட உடம்பு முழுக்கக் கரன்ட் நிக்கும். அந்த நேரத்துல ஒரு பிள்ளை ஈரக்கையோட வந்து தொடும்."

"சும்மா பயமுறுத்தாதே" என்று அவன் குறுக்கே வந்தான். மெஷினின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். "இதோ தொட்டுட்டு நிக்கிறேன். எத்தனை தரம் ஓட்டிப் பாத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணும் ஆகல."

"சரி" என்றாள் அவள். கைப்பையைத் திறந்து ஃபியூஸ் கட்டையை வெளியே எடுத்தாள். "நான் இதை மாட்டுறேன். மெஷின் ஓடட்டும். நீங்க செருப்பைக் கழட்டிட்டு இதே மாதிரி தொட்டுக்கிட்டே நில்லுங்க. நான் மேல ஏறி அந்த ஜாயின்டை அவுக்கிறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஃபியூஸ் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. வீட்டில் சொட்டுக் கரன்ட் கிடையாது. அது அவனுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் அவன் கை மெஷினின் மேலிருந்து மெல்ல நழுவி, சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

நாத்தனார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விறுவிறுவென்று உள்ளே போனாள். ஒட்டடைக் கம்போடு திரும்பி வந்தாள். அண்ணன் தடுக்கக் கை நீட்டுவதற்குள் நிலாவின் நடுவில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பலகை பிளந்தது. இன்னொரு குத்து. நீல வானம் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. மேலேயிருந்து வயர் ஒன்று தொங்கியது. அதன் முடிச்சில் டேப் உருகிக் கருகி, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு நாத்தனார் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எலி எங்கண்ணா?"

மோப்பக்காரி ஃபியூஸ் கட்டையை மறுபடி பைக்குள் போட்டு மூடினாள். மூலையில் சாய்த்திருந்த ஏணியை இழுத்து வந்து, அந்த ஓட்டைக்கு நேர் கீழே கணவன் முன்னால் விரித்தாள்.

"ஏறுங்க, நான் பிடிச்சுக்கிறேன். இது முடிஞ்சதும் நீங்க வேலை செஞ்ச மத்த வீடுங்களுக்கும் போகணும்."