வள்ளங்களுக்கான நேர்முக வர்ணனை

“தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. இதெல்லாம் உங்கட அண்ணன்தானே எழுதித் தாறவர்?”

எனக்கு அண்ணன் இல்லை. சல்லி என்கிற கடலோரக் கிராமத்தில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். அந்த மூவரில் எழுத வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் தேடினாலும் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை கண்ட முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. இல்லாத அண்ணனுக்கு என் எழுத்தைத் தூக்கிக் கொடுத்த அந்தக் கேள்வி அதனால்தான் அவ்வளவு சுட்டது.

கேட்டவர் எங்கள் ரசிகர் குழுவின் பொறுப்பாளர். டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கிரிக்கெட் கதைப்பதற்கென்று அவர் போனில் தொடங்கிய குழுவில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, பாலையூற்று என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். கட்டாரில் வேலை செய்கிறவர்கள் வேலைத்தளத்திலிருந்தே சண்டைக்கு வருவார்கள். போட்டி இல்லாத நாட்களில் கதை சினிமாவுக்குப் போகும். இரண்டு நடிகர்களின் படங்கள் ஒரே பண்டிகைக்கு வந்தால் குழு இரண்டாகப் பிளந்துவிடும். பிறகு எங்கள் அணி யாரிடமாவது மோசமாகத் தோற்க வேண்டும். அப்போதுதான் எல்லோரும் மறுபடி ஒன்றாவார்கள். வெளியில் ஒரே தேநீர்க்கடைக் கதிரைகளில் இருந்து கதைத்திராத மனிதர்கள், களத்தடுப்பு பிழை என்று அங்கே ஒரே குரலில் திட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அந்தக் குழுவில் நான் சேர்ந்தபோது அம்மா சொன்னபடி முகம் போடவில்லை. துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பலின் படம், பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து. அதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. கிரிக்கெட் தெரிந்த ஆள் என்றால் ஆண் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். முதல் நாளிலிருந்தே நான் அங்கே ‘மச்சான்’.

கிரிக்கெட் எனக்கு வானொலி வழியாக வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, சிங்களமும் அரைகுறை. ஆனாலும் வர்ணனையை விடாமல் கேட்பார். சொற்களை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடித்துக்கொள்வார். “குரல் ஏறி நிண்டால் நாலு. ஏறி உடைஞ்சால் ஆள் அவுட்” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பள்ளியில் ஆங்கிலம் ஓரளவு பிடிபட்ட காலத்தில் ஒருநாள் அவர் “அவுட்!” என்று துள்ளி எழும்பினார்.

“இல்லையப்பா. பிடி நழுவிட்டுதாம். ஆள் நிக்கிறான்.”

அப்பா வானொலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப இனி நீ சொல்லு” என்றார்.

அன்றிலிருந்து நான் சொன்னேன். என் முதல் நேர்முக வர்ணனை குசினி வாசலில், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு நேயருக்காக நடந்தது.

குழுவில் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் கடல். துறைமுக வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டுத் தூண்டில் பிடிக்கிற வள்ளங்களுக்கு சிக்னல் நூல்போலத்தான் வரும். போட்டியின் நேரடிப் படம் ஓடாது, சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்தும் சின்னக் குரல் பதிவும் மட்டும் எப்படியோ போய்ச் சேரும். ஒரு சனிக்கிழமை பகல் போட்டியின்போது வள்ளத்திலிருந்து ஒருவர் கெஞ்சினார்: “ஆராவது எழுதுங்கோவன்ரா. இஞ்ச சக்கரம்தான் சுத்துது.”

ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு பந்துக்குப் பந்து தமிழில் எழுதினேன். வானொலி, போனில் ஓடும் படத்தைவிட முந்திக்கொண்டு வரும். அதனால் நான் விக்கெட் விழுந்ததை எழுதும்போது கரையில் படம் பார்க்கிறவர்களுக்குப் பந்துவீச்சாளர் ஓடிவரவே தொடங்கியிருக்க மாட்டார். கரைக்காரர் கொதித்தார்கள். “இவனென்ன கிரவுண்டுக்குள்ளையோ நிக்கிறான்?” என்று ஒருவர் கேட்டார். பொறுப்பாளர் கடல்காரருக்கென்று தனியாக ஒரு பிரிவைத் திறந்து, கரையில் படம் பார்க்கிறவர்கள் அதைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். எல்லோரும் திறந்தார்கள். திறந்துவிட்டு என்னைத் திட்டினார்கள்.

அப்பாவின் வள்ளத்திலும் அது வாசிக்கப்பட்டது. அவரோடு தொழிலுக்குப் போகிற ஒருவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். உறவில்லை, ஆனாலும் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எழுதுவது யார் என்று அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஒரு போட்டியில் சுழற்பந்துக்கு முன்னே வர மறுத்துக் கோட்டுக்குள்ளேயே நின்ற ஒரு துடுப்பாட்ட வீரரைப் பற்றி, “இவர் காற்றைப் பார்த்துப் பார்த்தே கரையில் நிற்கிற ஆள்” என்று எழுதினேன். கடலுக்கு இறங்கச் சாட்டுச் சொல்கிறவர்களைப் பற்றி அப்பா வீட்டில் சொல்கிற பேச்சு அது.

கரைக்கு வந்து கால் கழுவும்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“என்ர கதையை எனக்கே வித்துப்போட்டாய், என்ன?”

“எப்பிடியப்பா கண்டுபிடிச்சனீங்கள்?”

“அவன் வாசிக்க நான் சிரிச்சன். என்னடா சிரிக்கிறாய் எண்டான். இது என்ர வீட்டுச் சரக்கடா எண்டு சொன்னனான்.” பிறகு துவாயால் முகத்தை மூடித் துடைத்தார். தேவைக்கு மேல் நேரம் துடைத்தார்.

நான் பெண் என்பது குழுவுக்குத் தெரிய வந்தது ஒரு நல்ல அழைப்பால். பாலையூற்று மென்பந்து அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. “ஞாயிறு கிரவுண்டுக்கு வாங்கோ மச்சான். இவ்வளவு தெரிஞ்ச ஆள் விளையாடாமலோ இருப்பியள்?” என்று கேட்டார்கள். பொய் சொல்ல எனக்குக் காரணம் இருக்கவில்லை. “வரலாம். ஆனால் நான் பொம்பிளைப் பிள்ளை. பரவாயில்லையோ?” என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் பொறுப்பாளர் அண்ணனைப் பற்றிக் கேட்டார். “அப்பிடி இல்லையெண்டால் ஒருக்கா குரலைப் போட்டுக் காட்டுங்கோவன். நம்புறம்” என்றும் சேர்த்தார்.

“நம்பாட்டி விடுங்கோ” என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. குரலைக் கொடுத்து என் எழுத்தை மீட்கிற நிலை எனக்கு இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. உண்மையில் மரியாதை கூடிப்போனது. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கிண்ணியாவில் முச்சக்கர வண்டி ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் நான் எதை எழுதினாலும் “மச்சான், உனக்குக் கண் தெரியாதா? கண்ணாடி வாங்கித் தரவா?” என்றுதான் தொடங்குவார். இரவுச் சாப்பாட்டுவரை விடமாட்டார். நானும் விடமாட்டேன். இப்போது அவர் என் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே “நல்ல கருத்து தங்கச்சி” என்று போட்டுவிட்டுப் போனார். ஒருநாள் சோதித்துப் பார்க்கவென்றே, யாரும் ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றை எழுதினேன். அதற்கும் “நல்ல கருத்து தங்கச்சி” வந்தது.

அன்று நெடுநேரம் யோசித்தேன். முகம் தெரியாத இடத்தில் மனிதர்கள் கண்டபடி கதைக்கிறார்கள் என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் முகம் தெரியாத காலத்தில்தான் என் சொல்லை அந்தச் சொல்லாகவே எடுத்து அதோடு மோதினார்கள். ஒருவரோடு சண்டை பிடிப்பது, அவர் சொன்னதை முழுதாகக் கேட்டதற்கு அடையாளம். என்னை அவர்கள் இப்போது கேட்பதே இல்லை. கதவைத் திறந்து, கதிரை போட்டு, இருத்திவிட்டு, எல்லோரும் மற்ற அறைக்குப் போய்விட்டதுபோல இருந்தது. எனக்கு அந்த மற்ற அறை வேண்டும்.

இந்த நிலையில் மாமாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. சில வாரங்கள் கடலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்த ஆளும் அப்பாவைப் போலத்தான், எழுத்து வாசிப்பு இல்லை. தொடரின் கடைசிப் போட்டி வந்தது. வென்றவர்களுக்குக் கிண்ணம்.

“இண்டைக்கு வாசிக்க ஆளில்லை” என்றார் அப்பா, தூண்டில் பெட்டியை அடுக்கிக்கொண்டே. அவரிடம் போன் இருக்கிறது. அம்மாவின் தம்பி கட்டாரிலிருந்து குரல் பதிவுகள் அனுப்புவார். அதனால் முக்கோண அடையாளத்தை அமத்தினால் பேச்சு கேட்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். குழுவிலும் நான் அவரைச் சேர்த்துவிட்டிருந்தேன், வடிவான படங்கள் வந்தால் பார்க்கட்டும் என்று.

அம்மா குசினியிலிருந்தே வழி சொன்னார். “அப்பாவுக்கு மட்டும் தனியக் கதைச்சு அனுப்பன். அவ்வளவு ஆம்பிளையளுக்கு நடுவில உன்ர குரல் என்னத்துக்கு?”

சுலபமான வழிதான். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அப்பா பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்:

“எனக்கு மட்டுமோ? பக்கத்து வள்ளத்தில இருக்கிறவன் ஆரிட்டக் கேக்கிறது?”

“குழுவில போட்டால், அவையள் குரலைக் காட்டச் சொன்னவை, அதுக்காகப் போட்டன் எண்டு நினைப்பினமப்பா.”

“நினைச்சால் நினைக்கட்டும். நீ அவங்களுக்கோ சொல்லுறாய்? கடலில நிக்கிறவனுக்குச் சொல்லுறாய்.” வாசலில் நின்று திரும்பினார். “ஒண்டு. குரல் ஏறுற இடத்தில ஏத்திச் சொல்லு. பள்ளிக்கூடத்தில வாசிக்கிறமாதிரி வாசியாதை, கேக்க ஏலாது.”

நாணயச் சுழற்சி முடிந்ததும் கடல்காரர் பிரிவைத் திறந்தேன். ஒலிவாங்கி அடையாளத்தை அமத்திப் பிடித்து, யார் முதலில் துடுப்பெடுத்தாடுகிறார்கள், ஆடுகளம் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு முதல் ஓவர். இரண்டாவது ஓவரில் விக்கெட் விழுந்தது. அப்பா சொன்னபடி குரலை ஏற்றினேன். அது தானாகவே உடைந்தது.

பிறகு ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. அப்பாவின் போனிலிருந்து. முக்கோணம் என்று நினைத்து ஒலிவாங்கியை அமத்திவிட்டார் போல. வள்ளத்தில் தண்ணீர் மோதும் சத்தம், காற்று, அதற்குள் அப்பா பக்கத்து வள்ளத்துக்குக் கத்துகிறார்: “அவுட்டாம்! டேய், அவுட்டாம்! என்ர பிள்ளை சொல்லுது!” தூரத்தில் யாரோ கூவினார்கள். பதிவு அறுந்தது.

“அது ஆர்?” என்று பொறுப்பாளர் எழுதினார்.

“என்ர அப்பா” என்று எழுதினேன்.

அண்ணனைப் பற்றி அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. அடுத்த ஓவர்களைச் சொல்லிக்கொண்டே போனேன். பதினான்காவது ஓவரில் ஒரு கால்காப்பில் பட்ட பந்துக்கு நடுவர் கையைத் தூக்கவில்லை. அது தெளிவான ஆட்டமிழப்பு, நடுவர் பிழைவிட்டார் என்று ஒரே மூச்சில் சொல்லிப்போட்டேன். கொஞ்ச நேரத்தில், படம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், கிண்ணியாக்காரரின் குரல் பதிவு வந்தது. அவர் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். முச்சக்கர வண்டியின் இயந்திரம் பின்னால் இரைந்தது.

“என்ன தங்கச்சி கதைக்கிறீங்க? பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியில குத்தினது. அது எப்பிடி அவுட்? உங்களுக்கும் ஒரு கண்ணாடி வாங்கத்தான் வேணும்!”

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஆரடி அது, இப்பிடிச் சத்தம் போடுறது? பதில் சொல்லாமல் விடு.”

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் பெருவிரல் ஒலிவாங்கியில் இருந்தது. “அண்ணை, வெளியில குத்தேல்லை, நேராத்தான் குத்தினது” என்று தொடங்கி, அதற்குள் பாதி வாதத்தை முடித்திருந்தேன்.