முழு குப்பூஸ்

"நீ படிச்சு யாருக்கு வாசிச்சுக் காட்டப் போற?" என்றார் சித்தப்பா. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

அபுதாபியில் நர்ஸாக இருந்தபோது, சர்ச்சில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முசஃபா தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வெல்டர் வருவார். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. பூசை முடிந்ததும் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்து, பாதியை மட்டும் தின்பார். கேட்டால், பாலைவனத்தில் தவமிருந்த புனிதர் வனத்துச் சின்னப்பருக்குக் காகம் தினமும் அரை ரொட்டிதான் கொண்டுவந்ததாம்.

ஒருநாள் நைந்த புத்தகம் ஒன்றை நீட்டினார். "சின்னப்பரு கதைதான். எனக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாப் படிங்க சிஸ்டர்."

வாசிக்க வாசிக்க ஆட்கள் கூடினார்கள். புனித அந்தோணியார் சின்னப்பரைத் தேடி விருந்தாளியாக வந்த அன்று காகம் முழு ரொட்டி கொண்டுவந்தது என்றதும் வெல்டர் துள்ளினார்.

"ஆள் வந்தா முழுசா? இது தெரியாம இத்தனை வருசம் அரை வயித்தோட கெடந்தேனே!"

சிரித்தபடி, மீதிக் குப்பூஸை என் கையில் வைத்தார்.

அன்றே, சின்னப்பர் திருநாள் பூசையில் எல்லாருக்கும் பைபிள் வாசகம் வாசிக்க, சாமியாரிடம் என் பெயரைக் கொடுத்தேன்.