பூஜ்யத்தில் நின்ற வீடு

மலைச்சரிவில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் மழைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். துணி காயப்போடலாமா, குடை எடுத்துப் போகவா, எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் கேள்வி. அவளும் போனில் மேகப் படத்தைப் பார்த்துப் பட்டென்று பதில் சொல்லிவிடுவாள். இத்தனைக்கும் செயற்கைக்கோள் தரவு மையத்தில் அவள் பார்த்தது மேகத்தை அல்ல, மண்ணை. அதை விளக்கப்போய் வாய் வலித்ததுதான் மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை ஊருக்கு மேலே போகும். ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதைப் பதிவு செய்துகொள்ளும். பழைய பதிவையும் புதியதையும் ஒப்பிட்டால் எந்த இடம் ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நகக்கனம் இறங்கினாலும் தப்பாது. ஆனால் அசையாத இடம் என்று ஒன்றைப் பிடித்து, அதற்குப் பூஜ்யம் கொடுத்து, அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் அளக்க வேண்டும். அலுவலகத்தில் அந்த இடத்துக்கு முளை என்று பெயர். புல்லும் மரமும் முளைக்கு ஆகாது. கான்கிரீட்டாக, படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் முளையடித்தது இந்தக் குடியிருப்பின் தலையில்தான். அப்போது அது புதுக் கட்டடம், அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது.

பிறகு அக்காவும் மாமாவும் பழைய வீட்டை விற்றுவிட்டு அங்கே வாங்கலாமா வேண்டாமா என்று தவித்தார்கள். அவள் ஒரு படத்தை அச்செடுத்து வந்து மேசைமேல் விரித்தாள்.

"பாருக்கா, ஊர்ல எல்லா இடமும் கொஞ்சம் ஏறுது, இறங்குது. இது மட்டும் ஜீரோ. அசையவே இல்ல."

மூவரும் குடிவந்தார்கள். மேல்மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, டிவிக்கு மேலே ஒட்டிக்கொண்டார். மழைக்காரி சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. படத்தில் ஊர் முழுக்க ஏற ஆரம்பித்தது. "ஊரே உப்பிப்போச்சு போல!" என்று அதிகாரி சிரித்தார். தண்ணீர் குடித்த மண் கொஞ்சம் ஊதும்தான் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரு மதியம் பஸ் நிலையத்தில் நின்றிருந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். அவள் பஸ் கிளம்பிவிட்டதென்று நினைத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். கிளம்பியது பக்கத்து பஸ். அசட்டுச் சிரிப்பு சிரித்தவள் அடுத்த நொடி சட்டென்று எழுந்தாள். சந்தை, ஏரிக்கரை, ரயில் நிலையம், எல்லாமே ஒரே அளவு ஏறியிருந்தன. ஊர் அப்படியேதான் இருக்கிறது. இறங்குவது முளை.

இறங்கி அலுவலகத்துக்கு ஓடினாள். தன் கணினியில் கணக்கை நகலெடுத்து, அதில் மட்டும் முளையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாறைமேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றி, மறுபடி ஓடவிட்டாள். ஊர் சமத்தாகப் படுத்துக்கொண்டது. குடியிருப்பு நின்ற சரிவு மட்டும் இறங்குகிறதென்று சிவந்தது. அந்தக் கட்டடம் ஜீரோவில் நின்றது அசையாததால் அல்ல. ஜீரோ என்று அவளே எழுதி வைத்ததால். தான் கொடுத்த மதிப்பெண்ணைத் தானே படித்து மயங்கியிருக்கிறாள், படித்த முட்டாள்.

மேகப் படத்தில் கடலிலிருந்து வெள்ளைத் திரளொன்று ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

அவள் அதைக் காட்டியதும் அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எல்லா அறிக்கையும் உங்க கையெழுத்துலதான் போயிருக்கு. இப்ப முளையே தப்புன்னா மேல என்னன்னு சொல்றது? நாளைக்கு சாட்டிலைட் வருதுல்ல, பார்த்துட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க."

பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். உங்கள் மையத்தின் அறிக்கை வந்தால்தான் ஆள் அனுப்ப முடியும் என்றார்கள். அவர்களிடம் இருந்த அறிக்கையோ அசைவில்லை என்றது.

வீட்டில் மாமா குளியலறைக் கதவை இழைத்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அக்கா கொதித்தாள்.

"அசையாதுன்னு நீதானேடி சொன்னே? உன்னை நம்பித்தானே இருந்த வீட்டை வித்தோம்?"

"ஆமாக்கா. தப்பு பண்ணிட்டேன். இப்ப கிளம்பு."

"மாமா, இந்தக் கதவை எத்தனை தடவைதான் இழைப்பீங்க?" என்று மழைக்காரி அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மழைக்கு மரம் ஊதுதும்மா," என்றவர் கதவைச் சாத்திப் பார்த்தார். ஒரு மூலை இடித்தது, எதிர் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. இழைப்புளியைக் கீழே வைத்தார். "ஊதல. நிலையே சாஞ்சிருக்கு."

அதன்பின் மாமா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அவள் சொன்னபோது, "நேத்து வரைக்கும் அசையாது, இன்னிக்கு ஓடுதா?" என்று கிண்டல் செய்தவர்கள், நாற்காலியை விட்டு எழவே அழுகிற மாமா படியேறி இறங்குவதைப் பார்த்துத்தான் பயந்தார்கள். கொட்டுகிற மழையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சரிவுக்கு அப்பால் ஒதுங்கி நின்ற பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள்.

டிரைவர் மட்டும் வரவில்லை.

"முட்டி வலிம்மா, இந்த மழையில எங்க போறது? இதோ நீ குடுத்த படம். ஜீரோ போட்டிருக்கு."

"அது நான் வெச்ச ஜீரோ ஐயா, தானா வந்ததில்ல! பொய்யான படம்!" அவள் அதைச் சுவரிலிருந்து கிழித்தாள்.

அவர் கோபப்படவில்லை. "பயந்துபோயிருக்கே. படத்தைக் கிழிச்சா கட்டடம் ஆடிடுமா? போம்மா, காலையில பேசலாம்." கதவைச் சாத்திக்கொண்டார். அவளும் மாமாவும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் விரிசல் விட்டுக் காரை உதிரவும் மாமா அவள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

விடிகிற நேரத்தில் சரிவு குடியிருப்போடு மொத்தமாகச் சரிந்து வந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

சேறு காயாத புடவையோடு அலுவலகத்துக்குப் போனாள். செயற்கைக்கோள் சொன்ன நேரத்துக்கு வந்து போயிருந்தது. யாரும் எதையும் மாற்றாததால் கணினி பழைய முளையை வைத்தே தானாகக் கணக்குப் போட்டு, தானாகவே மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பியிருந்தது. அவள் திறந்து பார்த்தாள். ஊர் முழுக்கத் தாறுமாறாக ஏதேதோ எண்கள். டிரைவர் மண்ணுக்கடியில் கிடந்த இடத்துக்கு நேராக மட்டும் பூஜ்யம், அசைவு இல்லை. அதன் கீழே, எப்போதும்போல, அவள் கையெழுத்து.