மணிக்கட்டில்தான் கோளாறு

போலீஸ் வேலையில் எல்லாரையும் சந்தேகப்படத்தான் சம்பளம் தருகிறார்கள். ஆனால் இடுப்பில் தொங்கும் பிஸ்டலையே சந்தேகப்பட வேண்டி வரும் என்று பயிற்சியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வீட்டில் மக்கர் பண்ணிவிட்டு, மெக்கானிக்கைப் பார்த்ததும் சமர்த்தாக ஓடும் மிக்சியோ மோட்டாரோ ஸ்கூட்டரோ வைத்திருக்கும் சகோதர சகோதரிகளே, நாமெல்லாம் ஒரே ஜாதி. என்ன, உங்கள் மிக்சி நின்றால் சட்னி தாமதமாகும், அவ்வளவுதான். நான் பூந்தமல்லி பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர். என் கையில் இருக்கும் சாமான் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

ரேஞ்சில் போன மானம்

இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்ததும் எனக்கு ஒரு பிஸ்டலும், பச்சைப் பெயிண்டில் பொட்டு வைத்த ஒரு மேகசினும் கொடுத்தார்கள். மேகசின் வேறொன்றுமில்லை, குண்டுகளை அடுக்கிப் பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகுகிற இரும்பு டப்பா. எனக்கு முன்னால் இவற்றை வைத்திருந்தவர் ரிட்டயர் ஆகும்வரை அதில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லையாம். சுட்டுப் பழகுகிற ஃபயரிங் அன்றைக்கு மட்டும் அவருக்குத் தவறாமல் வயிற்றைக் கலக்குமாம்.

முத்தாபுதுப்பேட்டை பக்கம், துப்பாக்கி சுடுகிற மைதானமான ரேஞ்சில் என் முறை வந்தது. முதல் குண்டு போனது. இரண்டாவது பாதி வழியில் சிக்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. தட்டி எடுத்து மறுபடி ஏற்றினேன், அடுத்ததும் சிக்கியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் இலக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அடுத்த ஃபயரிங்கிலும் இப்படித்தான் என்றால் பிஸ்டலை வாங்கிக்கொண்டு உங்களை வரவேற்பு மேசையில் உட்கார வைத்துவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் அங்கேயே சொல்லிவிட்டார். நான் போலீசில் சேர்ந்தது வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பயிற்சி தருகிற ஏகாம்பரம் ஐயா பிஸ்டலைக் காலி செய்து, மேல்பகுதியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, உள்ளே ஊதிப் பார்த்து, கடைசியில் என் கையைப் பார்த்தார்.

"மேடம், பிஸ்டல் சோக்காத்தான் கீது. உங்க மணிக்கட்டுதான் லூசா கீது."

டாக்டரிடம் போனால் காய்ச்சல் இல்லை

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆயுதங்களைப் பழுது பார்க்கிற ஆர்மரர் யூசுப் பாயிடம் பிஸ்டலை எடுத்துக்கொண்டு போனேன். பழுதுக்குக் கொடுக்கும் பிஸ்டலைக் காலியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குண்டும் மேகசினும் ஸ்டேஷன் பெட்டியில் பூட்டியிருக்கும். வெறும் பிஸ்டலைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனேன்.

யூசுப் பாய் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, எண்ணெய் போட்டு, மாட்டி, தன் மேசையிலிருந்த மேகசினைச் செருகி, மணல் மேட்டைப் பார்த்து டப் டப்பென்று சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. மறுபடி சுட்டார். வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. பிஸ்டல் என்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறதோ என்று தோன்றியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது.

"மெஷின்ல ஒண்ணுமே இல்ல மேடம். நீங்க வேணா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நல்லா தூங்குங்க."

தேங்காய்ப் பயிற்சி

சரி, மணிக்கட்டுதான் என்று நானே நம்ப ஆரம்பித்தேன். வீட்டில் மிக்சிக்கு ஓய்வு கொடுத்தேன். தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் தூக்கினேன். துணியைப் பிழிந்த பிழியில் நைட்டி இரண்டு கிழிந்தது. கண்ணில் பட்ட தேங்காயை எல்லாம் துருவினேன்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபாக்டரி ஒன்றில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஃபாக்டரி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். காலையில் தேங்காய்ச் சட்னி, மதியம் தேங்காய்ச் சாதம், சாயங்காலம் தேங்காய் போளி என்று அவர் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வார்? ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏம்மா, நீ திருடனைப் பிடிக்கறதுக்குள்ள எனக்குக் கொலஸ்ட்ரால் பிடிச்சிரும் போலிருக்கே!"

மாற்றிப் பார்த்தோம்

எங்கள் ஸ்டேஷனில் இன்னொரு சப்-இன்ஸ்பெக்டர் சேகர். நல்ல மனுஷன். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, அவராகவே ஒரு யோசனை சொன்னார். இரண்டு பேர் பிஸ்டலும் ஒரே ரகம்தானே, மாற்றிக்கொண்டு பார்ப்போம். இன்ஸ்பெக்டரும் சரி என்றார். மேகசினும் குண்டும் அவரவர் பொறுப்பு என்பதால் அவற்றை மாற்றவில்லை. பிஸ்டலை மட்டும் மாற்றிக்கொண்டு, ஃபயரிங் நாளுக்கு முன்னால் ஒரு ஒத்திகையாக ரேஞ்சுக்குப் போனோம்.

என் பழைய பிஸ்டல் சேகர் கையில் ஒழுங்காகச் சுட்டது. சேகரின் பிஸ்டல், அதுவரை ஒரு குறையும் வைக்காத பிஸ்டல், என் கைக்கு வந்ததும் மூன்றாவது குண்டில் சிக்கியது. எனக்குத் தலை சுற்றியது. இனி யாரிடம் போய் என்ன வாதாடுவது? சேகர் எனக்கு ஆறுதல் சொல்ல வாய் திறந்தார். ஆனால் முதலில் தன் பிஸ்டலைத்தான் திரும்ப வாங்கித் தடவிக் கொடுத்தார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, எதுக்கும் ஒருதடவ திருஷ்டி சுத்திப் போட்டுக்குங்க."

திருமழிசையில் ஒரு மதியம்

அதற்குள் ஒரு நிஜமான வேலை வந்துவிட்டது. திருமழிசை தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனிக்குள் ஒருவன் புகுந்து செம்புக் கம்பி அறுப்பதாகத் தகவல். சேகரும் நானும் போனோம். சேகர் முன்னால் ஓடினார்; தரையில் கொட்டியிருந்த எண்ணெயில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். அவன் பட்டாக்கத்தியை ஓங்கிக்கொண்டு அவர் தலைமாட்டில் நின்றான்.

நான் பிஸ்டலை உருவி, குண்டு ஏற மேல்பகுதியை இழுத்து விட்டேன். முதல் குண்டே பாதியில் சிக்கிக்கொண்டது. விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். சேகருக்குத் தெரியாது, என்னை நம்பி அப்படியே அசையாமல் படுத்திருந்தார். "கீழ போடுடா!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கத்தி கீழே விழுந்தது.

விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றிய பிறகுதான் எனக்கு யோசனை ஓடியது. சேகருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் மனைவி முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்? கையில் கத்தி இருந்தும் ஏன் எதிர்க்கவில்லை என்று அவனிடம் கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான்.

"உன் துப்பாக்கி மாட்டிகினு கீதுன்னு அப்பவே பாத்துட்டேன் மேடம், உன் மூஞ்சியப் பாத்துதான் பயந்துகினேன்."

ஆயுத பூஜை

மறு ஃபயரிங்குக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு ஸ்டேஷன் ஆயுதங்களுக்கெல்லாம் ராஜமரியாதை. குண்டுகளை எடுத்துப் பூட்டிவிட்டு, பிஸ்டல்களையும் காலி மேகசின்களையும் மேசையில் பரப்பிச் சந்தனம் குங்குமம் வைப்போம். நான் பொரி கலந்துகொண்டிருந்தேன். அம்மன் படத்துக்கு மாலை போட நாற்காலியில் ஏறிய இன்ஸ்பெக்டர், ஆணி ஆடுகிறது என்றார். கையை நீட்டி மேசையிலிருந்து கைக்கு அடக்கமாக எதையோ எடுத்தார். அடிப்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேல்வாயால் ஆணியை ணங் ணங்கென்று அடித்தார்.

அவர் விரல்களுக்கு நடுவே பச்சைப் பொட்டு தெரிந்தது. பொரித் தட்டு என் கையிலிருந்து நழுவியது. சிதறிய பொரியைப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பெருமையாகச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"பயப்படாதீங்கம்மா, வருஷா வருஷம் இதாலதான் அடிக்கிறேன், ஒரே அடில உக்காந்துரும்!"

யூசுப் பாயின் வருத்தம்

மறுநாள் அனுமதி வாங்கி, பிஸ்டலோடு அந்த மேகசினையும் யூசுப் பாயிடம் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல்வாயில், குண்டைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டிய உதடு இரண்டும் ஒரு பக்கமாகக் கோணியிருந்தன. செருகிச் சுட்டார், சிக்கியது. தன்னுடையதைச் செருகிச் சுட்டார், ஓடியது. பிஸ்டலையும் கையையும் தூக்கத்தையும் திருஷ்டியையும் சந்தேகப்பட்டோம், இதை மட்டும் ஒருவரும் தொடவில்லையே! யூசுப் பாய் வருத்தத்தோடு தாடியைச் சொறிந்தார்.

"இன்னா மேடம் இது, நோயாளிய ஊட்லயே உட்டுட்டு கூட வந்தவனுக்கே நான் ஊசி போட்டுகினு இருந்துருக்கேன்!"

தேர்ச்சி

புது மேகசினோடு ரேஞ்சில் நின்றேன். சேகர் எனக்கு அடுத்த வரிசையில். கடைசிக் குண்டுவரை தடையில்லாமல் போனது. சேகர் கை தட்டினார். எனக்குக் கண் கலங்கியது. வரவேற்பு மேசை வேறு யாருக்கோ போயிற்று. நடந்ததை எல்லாம் விளக்கிச் சொல்லலாம் என்று ஏகாம்பரம் ஐயாவிடம் ஓடினேன். அவர் என்னை வாய் திறக்க விடவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, பலமாகத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா மேடம், நான் அப்பவே சொல்லல? மணிக்கட்டு சரியாயிட்சி!"

அந்தப் பழைய மேகசினைக் கழிக்க இன்னும் உத்தரவு வராததால் அது ஸ்டேஷனில் ஆணி அடிக்க மட்டும் இருக்கிறது. அந்த வேலையில் அது இன்றுவரை ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை.