அப்பா மீதம் வைத்த மாத்திரைகள்

சிதம்பரத்தில் ஒரு தனியார் லேபில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். சளியை டப்பாவில் எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" எந்தக் கிருமி என்று தெரிய வேண்டுமானால் சளியை ரத்தம் கலந்த ஜெல்லித் தட்டில் தடவி வளர்க்க வேண்டும். முன்கூட்டியே மருந்து விழுங்கியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் வளராது. பிறகு டாக்டர் குத்துமதிப்பாகத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். "மெடிக்கல்ல வாங்கிப் போட்டேங்க" என்று யாராவது தலையைச் சொறிந்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். திட்டாமல் விடமாட்டேன்.

ஊருக்குத்தான் உபதேசம். போன கார்த்திகை மழையில், கடலூரில் அப்பாவுக்குக் காய்ச்சல், இருமினால் நெஞ்சு வலிக்கிறது என்று அம்மா போன் செய்தாள். லீவு கிடைக்கவில்லை என்றேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. தினம் இரண்டு வீதம் ஏழு நாளைக்கான ஆன்டிபயாடிக் வாங்கி, கடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். அப்பா ரிட்டயர்டான டிரைவர். அந்த ரூட்டில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

மூன்றாம் நாள் அப்பாவே பேசினார். "காச்சல் ஓடிப்போச்சு பாப்பா. நீ டாக்டருக்கே டாக்டரு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீதி மாத்திரைகளையும் முடித்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

தை மாதம் காய்ச்சல் மறுபடி வந்தது. இந்த முறை மூச்சிரைப்போடு, உதடெல்லாம் கறுத்து, சிதம்பரத்துக்கே கொண்டுவந்து சேர்த்தோம். நிமோனியா என்றார் டாக்டர். வீட்டில் மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று என்னைத்தான் கேட்டார். அப்பா முந்திக்கொண்டார்.

"எம்பொண்ணு குடுத்த மாத்திரை சார். போன தடவ மூணு நாள்ல சரியாயிடுச்சு. மிச்சத்த பத்திரமா வச்சிருந்தேன். ரெண்டு நாளா அதத்தான் போடுறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்பாவின் சளி என் மேசைக்கே வந்தது. நானே தட்டில் தடவினேன். படிக்கும் காலத்தில் ஒரு பாடம் உண்டு. நிமோனியாவுக்கு சல்ஃபா மருந்துகள் வந்த புதிதில், சீக்கிரமே மருந்து கொடுத்தவர்களுக்குக் காய்ச்சல் சட்டென்று இறங்கியதாம். ஆனால் கிருமியை எதிர்க்கும் சக்தி சிலருடைய ரத்தத்தில் சரியாக ஊறவில்லையாம். எதிரியை உடம்பு அடையாளம் கண்டுகொள்வதற்குள் மருந்து சண்டையை முடித்துவிட்டது. அதே கிருமி திரும்பி வந்தால் உடம்புக்கு அது புது ஆள்தான். பரீட்சையில் இதை ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கும் அப்படித்தான் ஆனதா, தெரியாது. எழுபத்திரண்டு வயது நுரையீரல் எதற்கு வேண்டுமானாலும் தோற்கும். அந்த மாத்திரைகளைப் போடாமல் இருந்திருந்தால் கிருமி எதுவென்றாவது தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்தும் தட்டு வெறுமையாக இருந்தது. "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் அடித்து நானே கையெழுத்துப் போட்டேன்.

அதற்குள் டாக்டர் இரண்டு மருந்து மாற்றிப் பார்த்துவிட்டார். அப்பாவோ, மாஸ்க்கை விலக்கிவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் என் மாத்திரையின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை அப்பா, அது என் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை போய்விட்டார். நான் கொடுத்த மாத்திரைதான் காப்பாற்றியது என்று நம்பிக்கொண்டே போனார்.

கருமாதி முடிந்ததும் அப்பாவின் அலமாரியைக் குடைந்தேன். கணக்குப்படி நான்கு மாத்திரை மிச்சமிருக்க வேண்டும். தூக்கி எறிந்துவிட்டால் போதும் என்றிருந்தது. எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த அட்டையா? பக்கத்து வூட்டு அம்மாவுக்கு சளி ஜாஸ்தியா இருந்துச்சுன்னு குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரிக்குக் கார்ல ஏறும்போதே உங்கப்பா குடுக்கச் சொல்லிட்டுதான் போனாரு."

செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஜன்னலோரம் அட்டை காலியாகக் கிடந்தது. அந்த அம்மா இருமிக்கொண்டே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கப்பா புண்ணியத்துல அப்பவே காச்சல் வுட்டுச்சும்மா. நேத்துலேர்ந்து மறுபடி அடிக்குது. இன்னும் நாலு குடேன்."